எக்ஸ்எம்எல் ஆவணத்தில் உரைக்கணு

எக்ஸ்எம்எல் ஆவணம் ஒன்றை நிரல் எழுதித் திருத்த முற்படுவோர் பெரும்பாலும் குறிச்சொற்களின் மீதே கண் வைக்கின்றனர். குறிச்சொற்களுக்கு இடையே கிடக்கும் எழுத்துகளை, உறுப்புக்குள், அதாவது தொடக்கக் குறிச்சொல் முதல் முடிவுக் குறிச்சொல் வரையிலான பகுதிக்குள், இட்டு நிரப்பிய வெறும் மதிப்பாகவே கருதிவிடுகின்றனர். அந்தக் கருத்து எவ்வாறு பிழையாகிறது, அதனால் சொற்கள் எங்கெங்கே தொலைகின்றன, குறிப்பாகத் தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியின் ஆவணங்களில் அந்த இழப்பு ஏன் மிகுதியாகிறது என்பவற்றை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும். உரை என்பது உறுப்பின் உடைமை அன்று. உறுப்பைப் போலவே தனக்கென ஓர் இடமும் ஒரு வரிசையும் உடைய கணு அது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

எக்ஸ்எம்எல் என்பது, ஆவணத்தின் எந்தப் பகுதி எத்தகையது என்பதை ஆவணத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் குறியீட்டு முறை. 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஜிஎம்எல் என்னும் விரிவான முறையைச் சுருக்கி எளிமையாக்கி, டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 பிப்ரவரி 10 அன்று இதை வெளியிட்டது. டிம் பிரே, ஜான் பவோலி, ஸ்பெர்பெர்க்-மக்வீன் ஆகிய மூவர் அதன் பதிப்பாசிரியர்கள். அவர்களுள் மூன்றாமவர், இலக்கியப் பனுவல்களைக் கணினியில் ஏற்றுவதற்கென வகுக்கப்பட்ட டிஇஐ வழிகாட்டு நெறிகளைத் தொகுத்தவர்களுள் ஒருவர் ஆதலால், வணிகத் தரவின் தேவை மட்டுமன்றி நூற்பதிப்பாளரின் தேவையும் இம்முறையின் கருவிலேயே இருந்தது என்று கொள்ளலாம். குறிச்சொல்லின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. தமிழ் எழுத்தில் அமைந்த பெயர்களையும் தரம் ஏற்கிறது. ஆகவே பின்வரும் வரி முறையான எக்ஸ்எம்எல் ஆவணமே ஆகும்.

<செய்தி>பாண்டியரின் துறைமுகமான <இடம்>கொற்கை</இடம்>யில் முத்துக்குளிப்பு நடந்தது.</செய்தி>

இந்த வரியைப் பகுப்பான், அதாவது எழுத்து வரிசையைப் படித்து அமைப்பாக மாற்றும் நிரல், ஒரு மரமாக ஆக்குகிறது. மரத்தின் ஒவ்வொரு இணைப்புப் புள்ளியும் கணு எனப்படும். ‘செய்தி’ என்னும் உறுப்புக்கணுவுக்குச் சேய்கள் மூன்று: முதலாவது ‘பாண்டியரின் துறைமுகமான ’ என்று ஈற்றில் ஓர் இடைவெளியோடு முடியும் உரைக்கணு, இரண்டாவது ‘இடம்’ என்னும் உறுப்புக்கணு, மூன்றாவது ‘யில் முத்துக்குளிப்பு நடந்தது.’ என்னும் உரைக்கணு. ‘கொற்கை’ என்ற சொல்லோ செய்தியின் சேய் அன்று. அது ‘இடம்’ என்ற உறுப்பின் சேயாகிய வேறோர் உரைக்கணு. வேற்றுமை உருபு ஒரு கணுவிலும் அதை ஏற்ற பெயர் இன்னொரு கணுவிலும், அதுவும் மரத்தின் வெவ்வேறு மட்டங்களில், பிரிந்து நிற்பதைக் காண்க. ஆங்கிலத்தில் இடப்பெயரைக் குறிச்சொல்லால் சூழ்ந்தால் சொல் பெரும்பாலும் முழுமையாக உள்ளே அடங்கிவிடும். தமிழில் உருபும் சாரியையும் உடம்படுமெய்யும் பெயரோடு ஒட்டி வருவதால், பெயரைச் சூழ்ந்த கணமே சொல் இரண்டாகப் பிளவுபடுகிறது. தமிழ் ஆவணங்களில் உரைக்கணுவைக் கவனக்குறைவாகக் கையாள்வதன் விலை உயர்ந்தது என்று கூறுவதற்கு இதுவே முதற்காரணம்.

உரையும் உறுப்பும் இவ்வாறு விரவி வரும் உள்ளடக்கத்தைக் கலப்பு உள்ளடக்கம் என்பர். சம்பளப் பட்டியல், பொருள் விலைப்பட்டியல் போன்ற தரவு ஆவணங்களில் இது அநேகமாக இராது. அங்கே ஒவ்வோர் உறுப்பும் ஒன்று பிற உறுப்புகளை மட்டும் கொள்ளும், அல்லது உரையை மட்டும் கொள்ளும். நிரலாக்கப் பாடநூல்களின் எடுத்துக்காட்டுகள் பெரிதும் இத்தகைய தரவு ஆவணங்களாகவே இருப்பதால், அவற்றைக் கற்றுவந்தவர் கலப்பு உள்ளடக்கத்தைச் சந்திக்கும்போது அதுவரை பயன்பட்ட பழக்கங்கள் அனைத்தும் தவறாகிவிடுகின்றன.

மரத்தை நிரலிலிருந்து அணுகுவதற்கான பொது இலக்கணத்தை டபிள்யூ3சி 1998 அக்டோபர் 1 அன்று டோம் என்ற பெயரில், அதாவது ஆவணப் பொருள் மாதிரி என்ற பெயரில், முதல் நிலைப் பரிந்துரையாக வெளியிட்டது. உலாவிகளில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டும், ஜாவா மொழியின் எக்ஸ்எம்எல் நிரலகமும், பைத்தானின் மினிடோமும் இந்த இலக்கணத்தையே பின்பற்றுகின்றன. உரையை முதல்தரக் கணுவாக நடத்துவது இதன் சிறப்பு. எழுத்துகளைச் செருகவும் நீக்கவும் மாற்றவும் உரிய செயற்கூறுகள் உரைக்கணுவுக்கே உண்டு. அவற்றுள் மிக முக்கியமானது ஸ்ப்ளிட்டெக்ஸ்ட் என்பது. ஓர் உரைக்கணுவைக் குறித்த இடத்தில் வெட்டி, பின்பாதியைப் புதிய உரைக்கணுவாக்கி, முன்பாதிக்கு அடுத்த உடன்பிறப்பாக மரத்தில் நிறுத்துவது அதன் பணி.

மேற்காட்டிய வரியில் ‘இடம்’ என்ற குறிச்சொல் இன்னும் இடப்படவில்லை, முழு வாக்கியமும் ஒரே உரைக்கணுவாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அக்குறிச்சொல்லை நிரல் வழியாக இடும் முறையைப் பார்க்கலாம். ‘கொற்கை’ என்ற சொல் 23ஆம் சுட்டெண்ணில் தொடங்குகிறது; எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் அதற்கு முன் 23 ஒருங்குறிக் குறியீடுகள் உள்ளன என்பது பொருள். முதலில் 23இல் வெட்ட வேண்டும். கிடைக்கும் பின்பாதி ‘கொற்கை’ என்று தொடங்கும். அதை மறுபடி 6இல் வெட்டினால் ‘கொற்கை’ தனிக்கணுவாகவும் ‘யில் முத்துக்குளிப்பு நடந்தது.’ அதற்கடுத்த கணுவாகவும் நிற்கும். பின்னர் ‘இடம்’ என்ற வெற்றுறுப்பை உருவாக்கி, அதை நடுக்கணுவுக்கு முன்னால் செருகி, நடுக்கணுவை அதன் சேயாக இடம்பெயர்த்தால் வேலை முடிந்தது. ஒரு கணு ஒரே நேரத்தில் ஒரு பெற்றோருக்கு மட்டுமே சேயாக இருக்க இயலும் என்பதால், புதிய இடத்தில் சேர்த்தவுடன் பழைய இடத்திலிருந்து அது தானாகவே விலகிவிடும். தனியே நீக்க வேண்டியதில்லை. இச்செயல்கள் எவற்றிலும் ஓர் எழுத்துகூட அழிக்கப்படவோ மீண்டும் தட்டச்சிடப்படவோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறாக, வாக்கியத்தை வெறும் சரமாக வெளியே எடுத்து, நடுவே குறிச்சொல்லை எழுத்தாக ஒட்டி, மீண்டும் உரைக்கணுவுக்குள் இடுவோருக்கு உறுப்பு கிடைக்காது. கோணக்குறிகள் எழுத்தாகவே கருதப்பட்டு, வாசகர் கண்முன் குறிச்சொல் அப்படியே அச்சாகும்.

ஆவணம் முழுவதிலும் இவ்வேலையைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை தேவை. டோமில் சேய்களின் பட்டியல் உயிருள்ள பட்டியல். மரம் மாறினால் அதுவும் உடனே மாறும். அதன்மீது நடந்துகொண்டே கணுக்களை வெட்டும் நிரல், தான் சற்றுமுன் உருவாக்கிய கணுவையே மறுபடி சந்தித்து, இடத்துக்குள் இடம், அதற்குள் இன்னோர் இடம் என்று முடிவின்றிச் சுற்றக்கூடும். உரைக்கணுக்கள் அனைத்தையும் முதலில் தனிப்பட்டியலில் திரட்டிக்கொண்டு, அதன் பிறகே மாற்றங்களைத் தொடங்குவது பாதுகாப்பான நெறி.

வெட்டுவதன் மறுபக்கம் ஒட்டுவது. ‘இடம்’ என்ற குறிச்சொல் வேண்டாம் என்று அதை உரித்து, உள்ளிருந்த சொல்லைச் செய்தியின் நேர்ச்சேயாக மேலேற்றினால் மூன்று உரைக்கணுக்கள் அடுத்தடுத்து நிற்கும். கோப்பில் எழுதினால் அவை ஒரே தொடராகத் தெரியும். நினைவகத்திலோ ‘கொற்கை’ ஒரு கணு, ‘யில்’ என்று தொடங்குவது இன்னொரு கணு. அப்போது ‘கொற்கையில்’ என்ற சொல்லைத் தேடும் நிரலுக்கு அது எந்தக் கணுவிலும் கிடைக்காது. அடுத்தடுத்த உரைக்கணுக்களை ஒன்றாக்கி, வெற்று உரைக்கணுக்களை நீக்கும் நார்மலைஸ் என்ற செயற்கூறு இதற்காகவே டோமில் உள்ளது. கோப்பாகச் சேமித்து மறுபடி படித்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது என்பதால், இந்தப் பிழை சோதனையில் வராமல் பயன்பாட்டில் மட்டும் தலைகாட்டும். தேடிக் கண்டுபிடிப்பது கடினம். எக்ஸ்பாத் என்னும் தேடுமொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமோ, உரைக்கணு எப்போதும் இயன்ற அளவு எழுத்துகளைத் தன்னுள் கொண்டிருக்கும், அதற்கு அண்டையில் இன்னோர் உரைக்கணு இராது என்றே வரையறுக்கிறது. டோம் அனுமதிக்கும் ஒரு நிலையை எக்ஸ்பாத் இல்லாததாகக் கொள்கிறது. ஆகவே இரண்டையும் கலந்து பயன்படுத்துவோர் தேடலுக்கு முன் ஒட்டிவிடுவதே நலம். லிப்எக்ஸ்எம்எல்2 என்னும் சி மொழி நிரலகம், உரைக்கணுவை மரத்தில் சேர்க்கும்போது அண்டையில் உரைக்கணு இருந்தால் இரண்டையும் தானே இணைத்து, புதிதாக வந்த கணுவை நினைவகத்திலிருந்து விடுவித்துவிடுவதும் உண்டு. பழைய சுட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் வேலை செய்யும் நிரல் அங்கே நிலைகுலையும்.

மரம் கட்டாமல், படிக்கப் படிக்க நிகழ்வுகளாகத் தெரிவிக்கும் சாக்ஸ் முறையிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. உரை வந்தது என்று பகுப்பான் தெரிவிக்கும் நிகழ்வு, தொடர்ந்த ஓர் உரைக்கு ஒரே ஒருமுறைதான் வரும் என்ற உறுதி எங்கும் அளிக்கப்படவில்லை. எக்ஸ்பாட் என்ற புகழ்பெற்ற பகுப்பான் வரி முறியும் இடத்திலும் &amp; போன்ற குறிப்பீடுகள் வரும் இடத்திலும் உரையைத் துண்டாக்கித் தருகிறது. தாங்ககத்தின் எல்லையிலும் துண்டு விழக்கூடும். வந்த துண்டுகளை எல்லாம் சேர்த்துவைத்து, உறுப்பின் தொடக்கமோ முடிவோ வரும்போது மட்டுமே அவற்றைப் பயன்படுத்துவது இம்முறையில் கட்டாய ஒழுக்கமாகும்.

பைத்தான் மொழியில் பெருவழக்காக உள்ள எலிமெண்ட்ட்ரீ என்னும் நிரலகம் உரையை முற்றிலும் வேறு விதமாக வைக்கிறது. இச்சொற்பொழிவில் மிகுந்த கவனத்துக்கு உரிய பகுதியும் இதுவே. பிரெட்ரிக் லுண்ட் உருவாக்கிய இந்நிரலகம் 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5 முதல் அம்மொழியின் அடிப்படை நிரலகத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இதில் உரைக்கணு என்ற பொருளே கிடையாது. உறுப்பின் தொடக்கக் குறிச்சொல்லுக்கும் அதன் முதற்சேய்க்கும் இடையிலுள்ள உரை, டெக்ஸ்ட் என்ற பெயரில் அவ்வுறுப்பிலேயே வைக்கப்படுகிறது. உறுப்பின் முடிவுக் குறிச்சொல்லுக்குப் பின், அடுத்த குறிச்சொல் வரும்வரை உள்ள உரை, டெயில், அதாவது வால், என்ற பெயரில் முடிந்துபோன அந்த உறுப்பின்மீதே ஏற்றப்படுகிறது. ‘யில் முத்துக்குளிப்பு நடந்தது.’ என்பது பொருளால் செய்திக்கு உரியது. எலிமெண்ட்ட்ரீயிலோ அது ‘இடம்’ என்ற உறுப்பின் வால்.

இதன் விளைவுகள் மூன்று வகையில் வெளிப்படுகின்றன. செய்தியின் டெக்ஸ்ட் மதிப்பைக் கேட்டால் ‘பாண்டியரின் துறைமுகமான ’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். எஞ்சிய பாதியைக் காணாத தொடக்க நிலை நிரலர், பகுப்பானில் குறை இருப்பதாக எண்ணுவது வழக்கம். முழு உரையும் வேண்டுமெனில் இடர்டெக்ஸ்ட் என்ற செயற்கூறு வரிசையாகத் தரும் துண்டுகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து, உரை இல்லாத இடத்தில் இம்மதிப்பு வெற்றுச் சரமாக இராமல் நன் என்ற இன்மைப் பொருளாக இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் சரத்தோடு கூட்டும் நிரல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். அது தீங்கற்றது, நின்றுவிட்ட நிரலைத் திருத்திக்கொள்ளலாம். உண்மையான தீங்கு மூன்றாவதில் இருக்கிறது. ‘இடம்’ என்ற உறுப்பை ரிமூவ் என்ற செயற்கூற்றால் நீக்கினால், அதன் வாலும் கூடவே போய்விடும். ‘பாண்டியரின் துறைமுகமான ’ என்ற குறைவாக்கியம் மட்டும் எஞ்சும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆவணமும் இலக்கண வகையில் முறையாகவே இருக்கும். அடிக்குறிப்பு எண்களையோ பக்க முறிவுக் குறிகளையோ நீக்குவதற்காக எழுதப்படும் எளிய நிரல், ஒவ்வொரு குறிக்கும் பின்னால் வரும் மூலப்பாடத்தையே அமைதியாகத் தின்றுவிடுவது இப்படித்தான். டோமில் இதே நீக்கத்தைச் செய்தால் வாலாகிய உரைக்கணு தன் இடத்திலேயே பத்திரமாக நிற்கும்.

நீக்குவதற்கு முன் வாலை இடம் மாற்றுவதே இதற்கு மாற்று. நீக்கப்படும் உறுப்புக்கு முன்னால் ஓர் உடன்பிறப்பு உறுப்பு இருந்தால் அதன் வாலோடு இந்த வாலை ஒட்ட வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லையெனில் பெற்றோரின் டெக்ஸ்ட் மதிப்போடு ஒட்ட வேண்டும். இந்த இரண்டு நிலைகளையும் மறவாமல் எழுதும் பத்து வரிச் செயற்கூறு ஒன்று, கலப்பு உள்ளடக்கத்தைக் கையாளும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். லிப்எக்ஸ்எம்எல்2இன் மேல் கட்டப்பட்ட எல்எக்ஸ்எம்எல் நிரலகம், அடியிலுள்ள மரத்தில் உரை தனிக்கணுவாகவே இருந்தும், எலிமெண்ட்ட்ரீயின் வழக்கத்துக்கு இணங்கி வாலை உறுப்போடு சேர்த்தே நகர்த்துகிறது. ஆனால் குறிச்சொல்லை மட்டும் உரித்து உரையைக் காக்கும் ஸ்ட்ரிப்டேக்ஸ், உறுப்பை நீக்கி வாலை மட்டும் விட்டுவைக்கும் வசதியுடைய ஸ்ட்ரிப்எலிமெண்ட்ஸ் ஆகியவற்றையும் தருகிறது. எக்ஸ்பாத் தேடலில் கிடைக்கும் சரம், தான் எந்த உறுப்பின் டெக்ஸ்ட் அல்லது வால் என்பதையும் தன்னோடு சுமந்து வருவது அதன் இன்னொரு நற்பண்பு.

டெக்ஸ்ட், வால் என்ற ஏற்பாடு தரவு ஆவணங்களுக்கு எளிமையையும் வேகத்தையும் தருகிறது என்பதில் ஐயமில்லை. அவ்வகை ஆவணங்களில் வால் என்பது வரி தள்ளி எழுதும் வெற்றிடமாக மட்டுமே இருக்கும், தொலைந்தாலும் கேடில்லை. ஆனால் நூற்பாடங்களைத் திருத்துவதற்கு இது தகுந்த மாதிரி அன்று. மூலப்பாடத்தின் ஒரு துண்டு எந்தக் குறிச்சொல்லுக்கு அருகில் வந்தது என்பதற்காக அந்தக் குறிச்சொல்லின் உடைமை ஆகிவிடாது. பதிப்பு நோக்கில் குறிச்சொல்தான் பின்னால் வந்தது, பாடம் முன்னரே இருந்தது.

தேடலுக்குத் திரும்பினால், ‘கொற்கையில்’ போன்ற சொல் இரு கணுக்களில் பரவிக் கிடக்கும்போது அதை எவ்வாறு கண்டு திருத்துவது என்ற கேள்வி எழுகிறது. எக்ஸ்பாத்தில் செய்தி உறுப்பின் உரைக்கணுக்களைக் குறித்து ‘இதில் இச்சொல் உள்ளதா’ என்று கேட்டால், முதற்பதிப்பு விதிப்படி அது முதல் உரைக்கணுவை மட்டுமே பார்க்கும். உறுப்பையே சுட்டிக் கேட்டால், அதன் வழித்தோன்றல்களின் உரையெல்லாம் வரிசையாக ஒட்டிய சரத்தில் தேடும். அப்போது சொல் கிடைக்கும். கிடைத்த சொல்லைத் திருத்துவதற்கோ இடவரைபடம் ஒன்று வேண்டும். உரைக்கணுக்களை ஆவண வரிசையில் திரட்டி, ஒவ்வொன்றும் ஒட்டிய சரத்தின் எத்தனையாவது குறியீட்டில் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்காட்டிய வரியில் முதற்கணு 0இலும், ‘கொற்கை’ 23இலும், ‘யில்’ என்று தொடங்குவது 29இலும் தொடங்கும். ஒட்டிய சரத்தில் ‘கொற்கையில்’ 23 முதல் 32 வரை, 33ஆம் இடத்துக்கு முன்பாக முடிகிறது. ஆகவே அதன் முதல் ஆறு குறியீடுகள் இரண்டாம் கணுவுக்கும் எஞ்சிய நான்கு மூன்றாம் கணுவுக்கும் உரியவை என்பது வரைபடத்திலிருந்து தெரிந்துவிடும். திருத்தங்கள் பலவாக இருந்தால் கடைசியிலிருந்து முதல் நோக்கிச் செய்ய வேண்டும். முன்னிருந்து தொடங்கினால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் அதற்கு அப்பாலுள்ள இடங்கள் யாவும் நகர்ந்து வரைபடம் பொய்யாகிவிடும்.

அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் வேர்டு கோப்பும் இந்த முறையை வேண்டி நிற்கிறது. டாக்எக்ஸ் என்ற ஈறுடைய கோப்பு, 2006 டிசம்பரில் எக்மா 376 என்ற தரமாக ஏற்கப்பட்ட வடிவில், எக்ஸ்எம்எல் கோப்புகளைப் பொதிந்த சுருக்கப் பொதியாகும். அதில் பத்திக்குள் ஓட்டம் என்ற உறுப்புகளும், ஒவ்வோர் ஓட்டத்துக்குள்ளும் உரையைத் தாங்கும் உறுப்பும் உள்ளன. படிவத்தில் ‘[விண்ணப்பதாரர்]’ என்று இட்ட இடத்தில் உண்மைப் பெயரை நிரப்பும் நிரல், சில படிவங்களில் மட்டும் தோற்றுப்போவதற்குக் காரணம், திருத்தத்தின்போதோ எழுத்துரு மாற்றத்தின்போதோ அந்த ஒரு சொல் இரண்டு மூன்று ஓட்டங்களாகப் பிரிந்துவிட்டிருப்பதே. திரையில் சொல் ஒன்றாகவே தெரியும். இடவரைபட முறையில் பெயர் முழுவதையும் முதல் ஓட்டத்தில் இட்டு, மற்ற ஓட்டங்களில் உள்ள பகுதியை மட்டும் வெறுமையாக்கினால் எழுத்துருவும் குலையாது. நிரப்பிய உரை இடைவெளியோடு தொடங்கினாலோ முடிந்தாலோ, வெற்றிடத்தைக் காக்குமாறு கூறும் ஸ்பேஸ் என்ற பண்பையும் அவ்வுறுப்பில் இட வேண்டும். இல்லையெனில் இரு சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

வெற்றிடத்தைப் பற்றியும் இங்கேயே கூறிவிடலாம். படிப்பதற்கு வசதியாக வரிகளைத் தள்ளி எழுதிய கோப்பில், உறுப்புகளுக்கு இடையிலுள்ள வரிமுறிவும் இடைவெளிகளும்கூட உரைக்கணுக்களே; முதற்சேய் உறுப்பாக இருக்கும் என்று நம்பிக் கேட்பவருக்கு வெற்றிடம் மட்டும் கொண்ட உரைக்கணு கிடைப்பது அதனால்தான். தரவு ஆவணத்தில் அவற்றைத் தள்ளிவிடலாம். கலப்பு உள்ளடக்கத்திலோ ஆவணத்தை அழகுபடுத்தித் தள்ளி எழுதும் வசதியை அறவே தவிர்க்க வேண்டும். ‘இடம்’ என்ற உறுப்பின் முன்னும் பின்னும் வரிமுறிவு செருகப்பட்டால் ‘கொற்கையில்’ என்பது ‘கொற்கை யில்’ ஆகிவிடும். ஆங்கிலப் பாடத்தில் ஏற்கெனவே உள்ள இடைவெளியில் இன்னொரு வெற்றிடம் சேர்வது கண்ணில் படாமல் போகலாம். தமிழில் உருபு அறுந்து தொங்கும்.

எழுத்தை எண்ணுவதிலும் தமிழுக்கெனத் தனி எச்சரிக்கை உண்டு. ‘கொற்கை’ என்பதில் தமிழ் இலக்கணப்படி எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் க, ஒகரக் குறி, ற, புள்ளி, க, ஐகாரக் குறி என ஆறு குறியீடுகள். டோம் யூடிஎஃப்-16 அலகுகளில் எண்ணுவதால் அங்கும் ஆறு. யூடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணினால் பதினெட்டு. இதற்கு மேல், ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலும் அடுத்தடுத்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் கூறுகிறது, திரையிலும் வேறுபாடு தெரியாது. இரண்டாம் வகையில் எழுதிய ‘கொற்கை’ ஏழு குறியீடு நீளமுடையது. முன்பு கூறியபடி 6 என்ற இடத்தில் வெட்டினால் ‘கொற்க’ ஒரு பக்கம் நிற்க, அடுத்த உரைக்கணு உயிர்மெய்யின் மெய்யை இழந்த ஐகாரக் குறியோடு தொடங்கும். உலாவி அதன் அருகே புள்ளிவட்டம் இட்டுக் காட்டும். ஆகவே வெட்டுமிடத்தைக் கைக்கணக்கால் குறிக்காமல், தேடிக் கண்ட சொல்லின் நீளத்தைக் கொண்டே குறிக்க வேண்டும். ஆவணத்தையும் தேடுசொல்லையும் முதலிலேயே என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். டோமின் நார்மலைஸ் செயற்கூறு உரைக்கணுக்களை ஒட்டுமே தவிர, ஒருங்குறி வடிவைச் சீராக்காது. அதற்குத் தனிச் செயற்கூறு உண்டு.

உரைக்கணுவுக்குள் எழுதும்போது கோணக்குறியையும் உம்மைக் குறியையும் நிரலர் தாமே மாற்றி எழுதுதல் கூடாது. ‘இயல் & இசை’ என்பதை அப்படியே கணுவில் இட்டால், கோப்பாக எழுதும் கட்டத்தில் நிரலகமே உரிய குறிப்பீடாக மாற்றிக்கொள்ளும்; முன்னரே மாற்றி இட்டால் இரட்டை மாற்றம் நிகழ்ந்து வாசகருக்கு ‘இயல் &amp; இசை’ என்று தெரியும். நிரலகத்தாலும் காக்க இயலாத சில குறியீடுகள் உள்ளன: எக்ஸ்எம்எல் 1.0 தரம், தத்தல், வரிமுறிவு, வண்டித் திருப்பம் ஆகிய மூன்றைத் தவிர 32க்குக் கீழுள்ள கட்டுப்பாட்டுக் குறியீடுகள் எதையும் எவ்வடிவிலும் ஏற்பதில்லை. பழைய கோப்புகளிலிருந்து படியெடுத்த உரையில் அவை ஒளிந்திருப்பது இயல்பு என்பதால், கணுவில் இடும் முன்பே களைந்துவிட வேண்டும்.

ஓலைச்சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றும் பணியில் ஈடுபட்டுள்ளோரிடமும், அப்பணிக்கு நிரல் எழுதித் தரும் மாணவர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. குறிச்சொற்களை மட்டும் மாற்றுவதாகச் சொல்லும் எந்த நிரலையும் ஓட்டுவதற்கு முன் ஆவணத்தின் முழு உரையையும் வரிசையாக ஒட்டி ஒரு சரமாகச் சேமித்துவைத்து, ஓட்டிய பின் அவ்வாறே இன்னொரு சரத்தை எடுத்து, இரண்டையும் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குறியீடு வேறுபட்டாலும், காரணம் விளங்கும்வரை அந்த ஆவணத்தைச் சேமிக்காதீர்கள்.